சாய்ந்து கொடுத்த தெரு

தழையம்பட்டி மேற்குத் தெரு முதல் தடவையாக இடப்பக்கம் சாய்ந்தபோது தெய்வாத்தாள் வாசலில் பால் பாத்திரத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். பால்காரர் ஊற்றிய பால் பாத்திரத்துக்குள் விழாமல் ஒரு சாண் தள்ளி மண்ணில் விழுந்தது. "கை நடுங்கிருச்சுங்க அம்மா" என்று சொல்லிவிட்டு அவர் நிமிர்ந்து பார்த்தால், தெருக்கோடி வேப்பமரமும், மின்கம்பங்களும், இரண்டு வரிசை வீடுகளும், குழாயடியில் வரிசை போட்டிருந்த குடங்களும், குடங்களுக்குப் பின்னால் நின்ற பெண்களும், எல்லாமும் எல்லோரும் ஒரே பக்கமாக, ஒரே அளவாக, வளைவில் பேருந்து திரும்பும்போது உள்ளே நிற்கிறவர்கள் சாய்வதுபோலச் சாய்ந்து, ஒரு மூச்சு நேரம் அப்படியே இருந்து, பிறகு மெல்ல நிமிர்ந்தார்கள். சற்றுப் பொறுத்து வலப்பக்கம் சாய்ந்தார்கள். குடங்கள் உருண்டன. படுத்திருந்த மாடுகள் எழுந்திருக்கவில்லை. தெய்வாத்தாள் மண்ணில் ஊறிய பாலைப் பார்த்தாள், பிறகு வீட்டுக்குள் திரும்பி, கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்த தன் புருஷனைப் பார்த்தாள். அவருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். பெயர் செங்கோட்டுவேல். அவரும் சாய்ந்து நிமிர்ந்துகொண்டிருந்தார்.

செங்கோட்டுவேல் கோடங்கிமலை பஸ் வண்டிக்கு டிரைவராக இருந்தவர். அடிவாரத்திலிருந்து உச்சிக்குப் போகிற அந்த ரோட்டில் கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். மழையில் மண் சரிந்தும், பனியில் முன்கண்ணாடி மறைந்தும், காட்டுமாடு குறுக்கே நின்றும், அந்த வளைவுகளில் வருஷக்கணக்காக வண்டி ஏற்றி இறக்கி, ஒருத்தர் தலையில்கூட அடிபடாமல் கொண்டு சேர்த்து, மாலை போட்டு வழியனுப்பப்பட்டு வீட்டுக்கு வந்தவர். வந்த பிறகுதான் மறக்க ஆரம்பித்தார். முதலில் சாவி என்ற சொல்லை மறந்தார். பிறகு கடைக்குப் போகிற வழியை மறந்தார், சாப்பிட்டதை மறந்தார், சேலத்தில் இருக்கிற மகன் கதிர்வேலின் பெயரை மறந்தார். ஒருநாள் மத்தியானம் சோறு போட்டுக்கொண்டிருந்த தெய்வாத்தாளை ஏறிட்டுப் பார்த்து, மரியாதையாக, "எங்க இறங்கணும் அம்மிணி?" என்று கேட்டார்.

"மாமா, நான் தெய்வாத்தா" என்றாள் அவள். அன்றைக்கும் சொன்னாள், அடுத்தடுத்த நாட்களிலும் சொன்னாள். சொல்லும்போதெல்லாம், ஏதோ தப்பில் மாட்டிக்கொண்டவர்போல அவர் முகம் வெளிறிப்போவதைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் ஒருநாள் தெம்பைத் திரட்டிக்கொண்டு, "சோளக்காட்டு முக்குங்க" என்று பதில் சொன்னாள். அவர் முகம் தெளிந்தது. "உக்காருங்க, வந்ததும் சொல்றேன்" என்றார். அன்றிலிருந்து அவள் அவருடைய பயணி ஆனாள். சமையலறைக்குப் போய் அழுதுவிட்டு வருவாள், வந்து இன்னொரு ஊர்ப் பெயர் சொல்லுவாள்.

சேலத்தில் காட்டிய டாக்டர் சின்னப் பெண். பொறுமைசாலி. அல்சைமர் என்று நோயின் பெயரைச் சொல்லிவிட்டு, அது போதாது என்று தெரிந்து, "உங்க ஊர்ல போர் தண்ணிதானேம்மா? காய்ச்சற பாத்திரத்துல அடியில வெள்ளையா படியுமில்ல, அந்த மாதிரி மூளையில ஒரு புரதம் படிஞ்சு கெட்டியாகுது. படிஞ்ச இடத்துல வேலை நின்னு போகுது" என்றாள். பிறகு தன் பின்கழுத்துக்கு மேலே விரல் வைத்துக் காட்டினாள். "இங்க பின்னால சிறுமூளைன்னு ஒண்ணு இருக்கு. நிக்கறது, நடக்கறது, விழாம திரும்பறது, கை பழகின வேலை எல்லாம் அதோட பொறுப்பு. பெரும்பாலும் அங்க கடைசியாத்தான் போய்ப் படியும். அதனாலதான் அப்பாவுக்கு உங்க பேரு மறந்தும் நடை மறக்கல."

நடை மறக்கவில்லை. வேட்டி கட்டுவது மறக்கவில்லை. சோற்றுத் தட்டைக் கையில் கொடுத்தால் இரண்டு பக்கமும் பிடித்து ஸ்டியரிங் மாதிரித் திருப்புவார், கால் தானாகக் கிளட்சை மிதிக்கும். தெய்வாத்தாள் வீட்டுக்கு வந்து வெந்நீர்ப் பானையைக் கவிழ்த்துப்போட்டு, அடியில் படிந்த வெள்ளையைப் புளியும் சாம்பலும் வைத்து, விரல் முட்டி எரிய எரியத் தேய்த்தாள். பானை பளிச்சென்று ஆனது. அடுத்த வாரம் மறுபடி படிந்தது.

பங்குனி மாதத்தில் அவருடைய நடை கலைந்தது. நிலைப்படியில் காலை எடுத்து வைக்கத் தெரியாமல் நின்றார். கால்களை அகட்டி வைத்து, கள் குடித்தவர்போல அலைந்து நடந்தார். டாக்டர் அவரைக் கோட்டில் நடக்கச் சொல்லிப் பார்த்தாள், விரலால் மூக்கைத் தொடச் சொல்லிப் பார்த்தாள், பிறகு தெய்வாத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கண்ணால பாத்த மாதிரி என்னால சொல்ல முடியாதும்மா. ஆனா நடையைப் பாத்தா அது சிறுமூளைக்கும் வந்துருச்சுன்னு தோணுது. இனி விழுவாரு. விழாம பாத்துக்கங்க." அதற்கு மறுநாள் காலையில்தான் தெரு சாய்ந்தது.

முதல் இரண்டு மூன்று நாட்கள் நிலநடுக்கம் என்றார்கள். பிறகு மாரியம்மனுக்கு ஏதோ குறை என்று கூழ் ஊற்றினார்கள், கூழ் அண்டாவும் இடமும் வலமும் ஆடியது. பஞ்சாயத்திலிருந்து வந்த இன்ஜினியர் தெருவின் நடுவில் ரசமட்டம் வைத்துப் பார்த்தார். குமிழி நடுவிலேயே நின்றது. ஆனால் அவர் சட்டைப்பையிலிருந்த பேனா நழுவி, தெருவின் ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்கு உருண்டு போனது. அவர் பேனாவை எடுத்துக்கொண்டு, ஒரு வீட்டில் மோர் வாங்கிக் குடித்துவிட்டு, "ஜாக்கிரதையா இருங்க" என்று எல்லோரையும் போலவே சொல்லிவிட்டுப் போனார்.

அது என்ன என்று சொன்னவர் காதர் பாய்தான். செங்கோட்டுவேலின் வண்டியில் கண்டக்டராக இருந்தவர், அதே தெருவில் நாலு வீடு தள்ளிக் குடியிருந்தார். ஒருநாள் காலை வாசலில் நாற்காலி போட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்து, தெரு போகிற போக்கில் உடம்பை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சாய்ந்து பார்த்தார். சட்டென்று எழுந்து தெய்வாத்தாள் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணி, இது நம்ம வண்டி."

"எது பாய்?"

"தெருதான். இப்ப வழுக்குப்பாறை வளைவு. அடுத்தாப்ல சின்னதா ஒரு நேர்ரோடு. அப்புறம் வலது பக்கம் பெருசா ஒடிப்பாரு பாருங்க."

தெரு நேராக ஓடியது. பிறகு வலது பக்கம் பெரிதாக ஒடிந்தது. தெய்வாத்தாள் நிலையைப் பிடித்துக்கொண்டாள். கட்டிலில் இருந்த செங்கோட்டுவேல், கைகளில் ஒன்றுமில்லாமல், கண்களில் ஒன்றுமில்லாமல், வெறும் உடம்பாகச் சாய்ந்தார். காதர் பாய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணே, அண்ணே" என்று அவர் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

விஷயம் தெரிந்த பிறகு தெரு பழகிக்கொண்டது. காலையில் வண்டி மலை ஏறும், சாயங்காலம் இறங்கும், நடுவில் உச்சியில் நிற்கும். நிற்கிற நேரத்தில் பெண்கள் குழந்தைகளைக் குளிப்பாட்டினார்கள், முடிதிருத்துகிறவர் சவரம் செய்தார், தச்சர் பொன்னுரங்கம் உளி பிடித்தார். வண்டி ஓடும் நேரத்துக்கென்று வீட்டுக்கு வீடு ஒரு ஏற்பாடு வந்தது. மளிகைக்கடைக்காரர் அலமாரிகளின் குறுக்கே கயிறு கட்டினார். டீக்கடையில் கிளாஸை முக்கால்வாசிதான் நிரப்பினார்கள். தொட்டில் கட்டியவர்களுக்கு ஆட்டுகிற வேலை மிச்சம். வீட்டுச் சுவர்களில் வளையம் அடித்து, தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தாம்புக்கயிறு இழுத்துக் கட்டினார்கள். காதர் பாய் பெட்டியிலிருந்த பழைய விசிலை எடுத்து வந்து ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஊத, தெருவே கையை நீட்டிக் கயிற்றைப் பிடித்தது. வைகாசியில் ஒரு கல்யாணம் நடந்தது. தாலி கட்டுகிற நேரமும் பெரிய வளைவும் ஒன்றாக வந்துவிட, மாப்பிள்ளை, பொண்ணு, ஐயர், அட்சதை தூவியவர்கள் அத்தனைபேரும் ஒன்றாகச் சாய்ந்த அந்தப் போட்டோவில் யார் முகத்திலும் பயமில்லை.

இந்தக் காலத்திலெல்லாம் செங்கோட்டுவேல் தெருவில் நடந்தார். சொன்னால் நம்பமாட்டார்கள், ஆனால் நடந்தார். டாக்டர் விழுவார் என்றாள், அவர் விழவில்லை. காலை அகட்டி, அலைந்து அலைந்து, வீட்டு வாசலிலிருந்து வேப்பமரம்வரை போய்த் திரும்புவார். தெய்வாத்தாள் கூடவே போவாள். தெரு சாயும்போது அவள் தடுமாறுவாள், அவர் தடுமாறமாட்டார். அதைக் கவனித்தவளும் அவள்தான், கவனித்தும் என்னவென்று யோசிக்காமல் விட்டவளும் அவள்தான்.

ஆடியில் நோய் முற்றியது. வளைவுகள் முறை தவறி வந்தன. காதர் பாய் இடது என்று விசில் ஊதினால் தெரு வலது சாய்ந்தது, நேர்ரோடு என்று கயிற்றை விட்ட இடத்தில் திடீரென்று ஒடிந்தது. ஒருநாள், உச்சியில் நிற்கவேண்டிய நேரத்தில், யாரும் எதிர்பாராதபோது, தெரு ஒரே குலுக்காகக் குலுங்கிச் சாய்ந்தது. பொன்னுரங்கம் அறுத்து அடுக்கி வைத்திருந்த தேக்குப் பலகைகள் சரிந்து அவர் மேல் விழுந்தன. வலது தோள்பட்டை நொறுங்கியது. உளி பிடிக்கிற கை.

அன்றைக்குச் சாயங்காலம் தெருவே மாரியம்மன் கோவில் முன்னால் கூடியது. தெய்வாத்தாளும் போய் ஓரமாக நின்றாள். பொன்னுரங்கத்தின் மனைவி பாப்பாயிதான் முதலில் பேசினாள். அவளும் தெய்வாத்தாளும் இருபது வருஷமாக ஒருவர் அடுப்பில் ஒருவர் நெருப்பெடுத்தவர்கள்.

"அக்கா, உன்னையக் குத்தம் சொல்லல. மாமனையும் சொல்லல. ஆனா என் ஊட்டுக்காரருக்கு இனிக் கை வருமான்னு தெரியல. நாளைக்கு ஒரு கைக்குழந்தைக்கு ஆச்சுன்னா யாரைக் கேக்கறது? கொஞ்ச நாளைக்கு உம்மகன் ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரு."

தெய்வாத்தாள் தலையை ஆட்டினாள். மறுநாள் காலை கதிர்வேல் கார் எடுத்து வந்தான். செங்கோட்டுவேலைப் பின்சீட்டில் உட்காரவைத்தபோது, "நான் முன்னால உக்காரணும்ல" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். தெருக்காரர்கள் கயிற்றைப் பிடித்தபடியே வாசல்களில் நின்றார்கள். கார் திரும்பி மறைந்ததும் தெரு நிமிர்ந்தது. அதற்குப் பிறகு அசையவில்லை.

கதிர்வேலின் வீடு மூன்றாவது மாடியில், வழுவழுவென்று டைல்ஸ் பதித்த தரையோடு இருந்தது. தரை சமமாக இருந்தது, எந்நேரமும் சமமாகவே இருந்தது. செங்கோட்டுவேல் வந்த அன்றே விழுந்தார். அடுத்த நாளும் விழுந்தார். பிடித்துக்கொண்டிருக்கும்போதே, கால் கட்டிய மாட்டைப்போலப் பக்கவாட்டில் சரிந்து, மகனையும் இழுத்துக்கொண்டு விழுந்தார். மருமகள் சுகன்யா தரை முழுக்க மெத்தையும் ஜமுக்காளமும் விரித்தாள், மேஜை முனைகளுக்கெல்லாம் துணி சுற்றினாள், ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. அவர் சுவரில் மோதி நெற்றியைக் கிழித்துக்கொண்டார். தெய்வாத்தாள் தரையில் உட்கார்ந்து, மடியில் அவர் தலையைப் போட்டு, முந்தானையை நெற்றியில் அழுத்திப் பிடித்திருந்தாள். ரத்தம் துணியில் ஊறி விரலுக்கு வந்தபோது அவள் மனதில் ஏதோ ஒன்று திரும்பியது. சுகன்யாவிடம் போனைக் கேட்டு வாங்கினாள்.

"பாய், தெரு எப்படி இருக்குது?"

"சமமா இருக்குது அண்ணி. இம்மியும் அசையல. அண்ணன் எப்படி இருக்காரு?"

"விழறாரு பாய். விழுந்துக்கிட்டே இருக்காரு. இங்க தரை சாயமாட்டேங்குது."

காதர் பாய், "அண்ணி, நம்ம தெருவுல அவரு ஒருக்காக்கூட விழலியே" என்றார்.

"ஆமா பாய்" என்றாள் தெய்வாத்தாள். "நாமதான் விழுந்தோம்."

அவரை மகனிடம் விட்டுவிட்டு, காலை பஸ்ஸில் அவள் தனியாக ஊருக்கு வந்தாள். கோவில் முன்னால் மறுபடி கூடினார்கள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள், கையில் பிடிக்க ஒன்றும் இல்லாமல் தன் முந்தானை முனையையே பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அவரு ஆடுனதால தெரு ஆடுதுன்னு நெனச்சோம். அப்படி இல்லைங்க. அவரு எந்தப் பக்கம் சாயறாரோ அந்தப் பக்கம் தெரு எந்திரிச்சு வந்து தாங்கியிருக்குது. அவருக்குள்ள நிக்கற வேலையைப் பாக்கற எடம் போயிருச்சு, அந்த வேலையைத் தெரு வாங்கி வெச்சுக்கிச்சு. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். பொன்னுரங்கண்ணன் கையை என்னால திருப்பித் தர முடியாது. வேண்டாம்னு சொன்னீங்கன்னா அங்கயே பாத்துக்கறேன். இன்னும் ரொம்ப நாள் இல்லைன்னு டாக்டரும் சொல்லிப்போட்டாங்க."

பேச்சு பல பக்கம் போனது. கைக்குழந்தைக்காரர்கள் அழுதபடியே முடியாது என்றார்கள். நியாயம்தான். டீக்கடைக்காரர் வரட்டும் என்றார். ஒருவர், தெரு என்ன நம்மைக் கேட்டா சாய்ந்தது என்றார். கடைசியில், தோளில் மாவுக்கட்டோடு படியில் உட்கார்ந்திருந்த பொன்னுரங்கம் தலையைத் தூக்கினார்.

"ஒரு மனுசன் நேரா இருக்கற தரையில விழுந்து விழுந்து சாகறதுக்குப் பதிலா, நாம கொஞ்சம் சாஞ்சு நின்னா என்ன? கூட்டிட்டு வா தங்கச்சி."

பாப்பாயி அவரைப் பார்த்தாள், தெய்வாத்தாளைப் பார்த்தாள், எழுந்து வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கைக்குழந்தைக்காரர்கள் கிழக்குத் தெருவில் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போனார்கள். இரண்டு குடும்பம் ஊரைவிட்டே போனது, அவர்களையும் யாரும் தப்பாகப் பேசவில்லை. மற்றவர்கள் கயிறுகளை இறுக்கிக் கட்டினார்கள், அடுக்கி வைத்திருந்ததையெல்லாம் இறக்கித் தரையில் வைத்தார்கள். செங்கோட்டுவேல் காரிலிருந்து இறங்கி, தெரு மண்ணில் கால் வைத்துச் சரியப் போனபோது, தெரு இடப்பக்கம் எழுந்து வந்து அவரை வாங்கிக்கொண்டது. பார்த்திருந்தவர்கள் எல்லோரும் சாய்ந்தார்கள். கதிர்வேல் அப்பாவின் கையை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

ஆவணியிலிருந்து ஐப்பசிவரை தெரு முறையில்லாமல் ஆடியது. ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள், ஒருவர் தோளை ஒருவர் பிடித்தார்கள், பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூடப் பிடித்தார்கள். பாப்பாயி தெய்வாத்தாளின் வாசலைத் தாண்டும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அந்த நேரம் தெரு சாய்ந்தாலும் கயிற்றைத்தான் பிடித்தாள், நீட்டிய கையைப் பிடிக்கவில்லை.

பிறகு செங்கோட்டுவேல் எழுந்திருப்பதை நிறுத்தினார். விழுங்குவது மறந்தது. தெரு சாய்வதும் லேசாகி, தொட்டில் ஆட்டம்போல, மூச்சுப்போல ஆனது. கார்த்திகையில் ஒரு சாயங்காலம், மழை விட்டு வெயில் மஞ்சளாக விழுந்தபோது, காதர் பாய் வாசலில் நின்றபடி, "இறங்குறாரு" என்றார்.

அத்தனை மாதமாகத் தாறுமாறாக வந்த வளைவுகள் அன்றைக்கு ஒழுங்காக வந்தன. வலமும் இடமுமாக, அவசரமில்லாமல், பிரேக்கில் கால் அழுத்தி அழுத்தி எடுக்கிற டிரைவரின் வளைவுகளாக, ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தெருக்காரர்கள் வெளியே வந்து கயிற்றைப் பிடித்து வரிசையாக நின்றார்கள், விசில் தேவைப்படவில்லை, ஒவ்வொரு வளைவுக்கும் அவர்களுடைய உடம்பே சாய்ந்தது. உள்ளே தெய்வாத்தாள் கட்டிலில் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, அவருடைய நெஞ்சில் கை வைத்திருந்தாள். எந்த ஊர்ப் பெயரும் சொல்லவில்லை. "நான் தெய்வாத்தா" என்றாள், வெகுநாளைக்குப் பிறகு. அவர் பயப்படவில்லை. கேட்டாரா என்பது தெரியாது. பெரிய வளைவு வந்தது, பிறகு சின்ன வளைவு, பிறகு நீளமாக ஒரு நேர்ரோடு. அந்த நேர்ரோட்டில் தெருவின் வேகம் மெல்ல மெல்லக் குறைந்து, எப்போது நின்றது என்று ஒருவருக்கும் தெரியாதபடி நின்றது. கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றார்கள்.

மறுநாள் காலை அவரைத் தூக்கினார்கள். சமமான தெருவில் பாடை தூக்கியவர்களுக்குக் கால் பின்னியது, காதர் பாய் முன்னால் நடந்து வழி சொல்லிக்கொண்டு போனார். பெண்கள் தெருமுக்குவரை போய் நின்றார்கள், பாடை புளியமரங்களுக்குள் மறைந்ததும் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். தெய்வாத்தாளும் திரும்பினாள். திரும்பினால் தெரு அவள் வீட்டு வாசல்வரை நேராக, அசையாமல், வெறுமையாக நீண்டு கிடந்தது. அந்த நேரைப் பார்த்ததும் காலை எடுத்து வைக்கத் தெரியாமல் நின்றாள். கையை நீட்டினாள், கயிற்றை அன்றைக்குக் காலையில்தான் அவிழ்த்திருந்தார்கள்.

பின்னால் யாரோ வேகமாக வருகிற சத்தம் கேட்டது. பாப்பாயி வந்து அவள் பக்கத்தில் நின்று, முகத்தைப் பார்க்காமல், தோளை மட்டும் கொடுத்தாள்.

"இந்தப் பக்கம் சாஞ்சுக்க அக்கா" என்றாள்.

தெய்வாத்தாள் சாய்ந்தாள்.